உங்கள் வில்லனுக்கு ஃப்ளாஷ்பேக் வேண்டாம்

தமிழில் குற்றத்தொடர் எழுதும் கதாசிரியர்களுக்கும், அந்தக் கதைகளைக் கேட்டுச் சம்மதம் சொல்லும் ஓ.டி.டி. நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

உங்கள் தொடர் வெளியாகும் முன் வரும் பேட்டிகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: ‘இதுல யாரும் முழுசா நல்லவன் கிடையாது, முழுசாக் கெட்டவனும் கிடையாது.’ அதை நம்பித்தான் உட்காருகிறோம். மூன்றாவது எபிசோடுக்குள் சாயம் வெளுத்துவிடுகிறது. இன்ஸ்பெக்டருக்குத் தாடி, தூக்கமின்மை, பிரிந்துபோன மனைவி. மற்றபடி ஆள் பழைய கதாநாயகனேதான். கொலைகாரனுக்கு ஆறாவது எபிசோடில் ஒரு ஃப்ளாஷ்பேக்: மஞ்சள் வெளிச்சம், அரைக்கால் சட்டை, குடிகாரத் தகப்பன், பின்னால் வயலின். அழுது முடித்ததும் அவனைச் சுட்டுவிடுகிறீர்கள். இதற்குப் பெயர் ‘கிரே’ என்கிறீர்கள்.

கறுப்பையும் வெள்ளையையும் ஒரு வாளியில் கலக்கினால் சாம்பல் நிறம் வரும் என்பது பெயின்ட் கடைக் கணக்கு. மனிதர்கள் விஷயத்தில் அது வேலை செய்யாது. எது வேலை செய்யும் என்று காட்ட ஒரே ஒரு தொடரை எடுத்துக்கொள்கிறோம்: ‘தி வயர்’. எச்.பி.ஓ.வில் 2002 ஜூன் முதல் 2008 மார்ச் வரை, 5 சீசன், 60 எபிசோடு. ஊர் அமெரிக்காவின் பால்டிமோர். உருவாக்கியவர் டேவிட் சைமன், அந்த ஊர்ச் செய்தித்தாளில் போலீஸ் நிருபராக இருந்தவர். கூட எழுதிய எட் பர்ன்ஸ் அதே ஊரில் கொலை வழக்குத் துப்பறிவாளராக இருந்து, பிறகு பள்ளிக்கூட வாத்தியாராகப் போனவர். எம்மி விருது ஒன்றுகூட வாங்காத தொடர் இது. 2 முறை பரிந்துரை வந்தது, இரண்டும் எழுத்துக்கு. இன்னும் பார்க்காதவர்கள் இந்த மடலை மூடிவைத்துவிட்டு அதைப் பார்க்கப் போகலாம். யார் எப்போது சாகிறார்கள் என்பதையெல்லாம் கீழே போட்டு உடைக்கப்போகிறோம்.

முதலில் பிரெஸ்பிலூஸ்கி என்ற போலீஸ்காரன். சுருக்கமாக பிரெஸ். அடையாளமே பெரிய அதிகாரியின் மாப்பிள்ளை என்பதுதான். முதல் சீசனின் 2ஆவது எபிசோடில், குடித்துவிட்டு நடுராத்திரியில் இரண்டு சகாக்களோடு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ‘நாங்க யாருன்னு காட்டிட்டு வர்றோம்’ என்று போகிறான். காரின்மேல் சாய்ந்து நிற்கும் 14 வயதுப் பையனைத் துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் அடிக்கிறான். பையனுக்கு ஒரு கண் போய்விடுகிறது.

இதற்குப் பின் வரும் காட்சியை வசனம் எழுதும் ஒவ்வொருவரும் பத்து முறையாவது பார்க்க வேண்டும். லெப்டினன்ட் டேனியல்ஸ் கேட்கிறார், ஏன் அடித்தாய் என்று. கடுப்பேத்தினான், அடித்தேன் என்கிறான் பிரெஸ். டேனியல்ஸ் அவனைத் திருத்துகிறார். அவன் கடுப்பேற்றவில்லை, உன் உயிருக்கும் உன் சகாக்கள் உயிருக்கும் ஆபத்து என்று உன்னைப் பயப்பட வைத்தான், அப்படித்தானே என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுக்கிறார். அறிக்கையில் வரவேண்டிய பொய்யை, அந்தத் தொடரிலேயே நிமிர்ந்து நடக்கும் அதிகாரி, வாத்தியார் பாடம் சொல்வதுபோலச் சொல்லித்தருகிறார். குரல் உயரவில்லை. இசை இல்லை. அவர் முகத்தில் அருவருப்பு தெரிகிறது, வேலையும் நடக்கிறது. ஒரே காட்சியில் இரண்டு பேருக்கும் நிறம் ஏறிவிடுகிறது. அதற்குச் செலவான நேரம் சில நிமிடம்.

பிறகு அதே பிரெஸ் என்ன செய்கிறான்? துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு மேசையில் உட்கார வைக்கிறார்கள். அங்கே போதைக் கும்பலின் பேஜர் ரகசியத்தை உடைக்கிறான். எப்படி என்பதையும் தொடர் காட்டுகிறது. தொலைபேசிப் பொத்தான்களில் 5 நடுவில் இருக்கிறது. அதைத் தாண்டி எதிர்ப்பக்கம் குதி: 1 என்றால் 9, 2 என்றால் 8, 3 என்றால் 7, 4 என்றால் 6, 5க்கும் 0க்கும் இடமாற்றம். படிப்பில்லாத பையன்களும் நொடியில் போடக்கூடிய குறியீடு, அதனால்தான் கும்பல் அதை வைத்திருக்கிறது. நமக்கு பிரெஸ்மேல் பிரியம் பிறக்கிறது. கண் போன பையனை மறந்துபோகிறோம். மறந்துபோனோம் என்பது பின்னால் நினைவுக்கு வரும்போது கூசுகிறது. அந்தக் கூச்சத்தை உண்டாக்குவதுதான் எழுத்தாளரின் வேலை. உங்கள் தொடர்களில் பாத்திரம் கூசும், பார்ப்பவர் நிம்மதியாக இருப்பார். இங்கே தலைகீழ்.

மூன்றாவது சீசனில் அவன் இருட்டில் தவறுதலாகச் சக போலீஸ்காரரையே சுட்டுவிடுகிறான். இறந்தவர் கறுப்பர். வேலையை விட்டு நான்காவது சீசனில் நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார் ஆகிறான். நல்ல வாத்தியார். எந்த வயதுப் பையனின் கண்ணை எடுத்தானோ கிட்டத்தட்ட அதே வயதுப் பையன்களுக்குத்தான் பாடம் எடுக்கிறான். இந்த ஒற்றுமையை ஒரு வசனம்கூட சுட்டிக்காட்டுவதில்லை. நீங்கள் எழுதியிருந்தால் வகுப்பில் ஒரு பையனுக்கு ஒற்றைக் கண் இருந்திருக்கும், பிரெஸ் அவன் காலில் விழுந்திருப்பான். கோபிக்க வேண்டாம், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுத்தது போடி. மூலையில் நின்று போதைப்பொருள் விற்கும் பொடியன். முதல் சீசனில் தன் நண்பன் வாலஸைக் கொல்கிறான். வாலஸுக்கு 16 வயது. வாலஸை எப்படிக் காட்டினார்கள் என்று பாருங்கள். 6ஆவது எபிசோடு விடியலில் தொடங்குகிறது. சந்தில் கார்மேல் ஒரு சிதைந்த சடலம். அங்கிருந்து ஒரு மின்சார ஒயரைப் பிடித்துக்கொண்டு கேமரா பாழடைந்த வீட்டுக்குள் போகிறது. உள்ளே தரையில் படுத்திருக்கும் சின்னப் பிள்ளைகளை எழுப்பி, பள்ளிக்கு அனுப்ப ஆளுக்கொரு ஜூஸ் பாக்கெட்டும் சிப்ஸும் கொடுக்கிறான் வாலஸ். வெளியே கிடக்கும் சடலம் அவன் காட்டிக்கொடுத்த ஆளுடையது. ஒரே ஒயர், இரண்டு முனை. அம்மா பாசம், தங்கை சென்டிமென்ட் எதுவும் தேவைப்படவில்லை.

அந்த வாலஸைச் சுடும் இடத்தில் போடியின் கை நடுங்குகிறது. கூட வந்த பூட் ‘சுடு’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சுடுகிறான். அப்போது போடியை நாம் வெறுத்தோம். ஆனால் 3ஆவது எபிசோடில், கும்பலில் இவர்களுக்கு மேலே இருக்கும் டி’ஆஞ்சலோ, இதே போடிக்கும் வாலஸுக்கும் சதுரங்கம் சொல்லிக்கொடுத்த காட்சி ஒன்று உண்டு. சிப்பாய்கள் சீக்கிரம் செத்துவிடும் என்கிறான் டி’ஆஞ்சலோ. கெட்டிக்காரச் சிப்பாய் பிழைத்துக்கொள்ளும் என்று போடி மல்லுக்கட்டுகிறான். அந்தச் சதுரங்கம் திரும்ப வருவது நான்காவது சீசனின் கடைசி எபிசோடில்; 47 எபிசோடு கழித்து. ஒரு பூங்காவில் போலீஸ்காரன் மெக்நல்ட்டியிடம் போடி சொல்கிறான், ஆட்டமே மோசடி, நாங்கள் அந்தப் பலகையில் இருக்கும் சின்னக் காய்கள் மாதிரி என்று. சிப்பாய்கள் என்று மெக்நல்ட்டி பெயரை எடுத்துக்கொடுக்கிறான். அன்றைக்கு ராத்திரியே போடி தன் மூலையில் நின்றபடி, ஓட மறுத்து, சாகிறான். அழுகிறோம். வாலஸைக் கொன்றவன் இவன் என்பது தெரிந்தே அழுகிறோம்.

இங்கே போடியைத் ‘திருத்தவில்லை’. அவன் ஒரு நல்ல காரியமும் செய்யவில்லை. முதல் நாள் இருந்த அதே குணம்தான்: விசுவாசம், முன்கோபம், தன் இடத்தை விட்டு நகராத பிடிவாதம். அந்தக் குணம் முதல் சீசனில் நண்பனைக் கொன்றது, நான்காவது சீசனில் அவனையே கொன்றது. நல்ல குணம் ஒரு கிலோ, கெட்ட குணம் முக்கால் கிலோ என்று நிறுத்துப் போடும் பாத்திரங்களுக்கும் இதற்கும் உள்ள தூரம் இதுதான். ஒரே குணம், இரண்டு விளைவு. எங்கள் கணக்கில் உங்கள் எழுத்து அறையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த ஆளிடம் நாம் ரசிக்கும் குணம் எது, அதே குணம் யாரைக் கொல்லும்?

இரண்டாவது கேள்வி, பில் யார் மேசைக்குப் போகிறது என்பது. இதற்கு நான்காவது சீசனின் ராண்டி கதையைவிடத் தெளிவான உதாரணம் எங்களுக்குத் தெரியாது. நிதானமாகப் பாருங்கள். பள்ளியில் ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்ளும் ராண்டி, தண்டனைக்குப் பயந்து ‘ஒரு கொலையைப் பத்தி எனக்குத் தெரியும்’ என்று துணைத் தலைமையாசிரியையிடம் உளறிவிடுகிறான். அவர் வாத்தியார் பிரெஸிடம் சொல்கிறார். பிரெஸ் தன் பழைய மேலதிகாரி டேனியல்ஸைக் கேட்கிறான். பையனைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளக்கூடிய ஆள் என்று போலீஸ்காரன் கார்வர் கைக்கு விஷயம் போகிறது. கார்வர், பழைய கூட்டாளி ஹெர்க்கை நம்பிப் பையனை ஒப்படைக்கிறான். கொலை வழக்கைப் பார்க்கும் பங்க்கிடம் ஹெர்க் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை. அவனுக்குத் தன் காணாமல்போன கேமரா கவலை. ஒரு விசாரணையில், எதிரில் இருப்பவனை மிரட்டுவதற்காக, ஒரு பையன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்று வாயை விடுகிறான். அவ்வளவுதான். தெருவில் ராண்டிக்குக் ‘காட்டிக்கொடுத்தவன்’ பட்டம். வளர்ப்புத் தாயின் வீட்டுக்குத் தீ. அந்த அம்மா உடல் வெந்து ஆஸ்பத்திரியில். ராண்டி மறுபடி அரசுக் காப்பகத்துக்கு.

துணைத் தலைமையாசிரியை, பிரெஸ், டேனியல்ஸ், கார்வர், ஹெர்க். ஐந்து கை மாறியிருக்கிறது. நான்கு கை நல்ல எண்ணத்தோடு மாற்றியது. ஐந்தாவதும் கெட்ட எண்ணம் கொண்ட கை என்று சொல்ல முடியாது, அசட்டையான கை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ராண்டி கார்வரைப் பார்த்து, எனக்கு உதவி செய்வியா, என்னைப் பார்த்துக்குவியா என்று அவன் கொடுத்த வாக்கையே திருப்பித் திருப்பிக் கேட்கிறான். கார்வர் நிற்காமல் நடக்கிறான். பிறகு காரில் தனியாக ஸ்டியரிங்கைக் குத்துகிறான். முதல் சீசனில் பிரெஸோடு குடித்துவிட்டுப் போன இருவரில் ஒருவன் இந்தக் கார்வர், மற்றவன் ஹெர்க். இருவரும் ஒரே இடத்தில் தொடங்கினார்கள். ஒருவன் மனிதனானான், இன்னொருவன் ஆகவில்லை, இரண்டுக்கும் சேர்த்துப் பையன் விலை கொடுத்தான்.

உங்கள் தொடரில் விலை கொடுப்பது யார்? கிரே நாயகன் செய்த தவறுக்கு அவனேதான் கொடுப்பான். தோளில் குண்டு, கையில் கட்டு, சஸ்பென்ஷன் ஆர்டர், கடலைப் பார்த்து ஒரு சிகரெட். தானே கொடுக்கும் விலை அவனை உயர்த்திவிடும். வேறொருவர், அதுவும் கேட்டுக்கொள்ளாத ஒருவர், அந்த விலையைக் கட்டும்போதுதான் நாம் நாற்காலியில் நெளிவோம்.

சரி, ஓமர். இந்தத் தொடரைப் பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர். போதைக் கும்பல்களிடமே கொள்ளையடிப்பவன், கெட்ட வார்த்தை பேசாதவன், ஆட்டத்தில் இல்லாத பொதுஜனத்தின்மேல் துப்பாக்கி நீட்டாதவன். மாஸ் ஹீரோவுக்கான சகல லட்சணமும் உண்டு. எழுத்தாளர்களுக்கும் அது தெரியும். அதனால்தான் அவனை நாம் கொண்டாடும் அதே இடங்களில் ஊசியைச் செருகி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது சீசனின் நீதிமன்றக் காட்சியில், கும்பலைச் சேர்ந்த ஒருவன்மேல் நடக்கும் கொலை வழக்கில், அவன் சாட்சி சொல்கிறான். கும்பலின் வக்கீல் லீவி, நீ போதை வியாபாரத்தில் பிழைக்கும் ஒட்டுண்ணி என்று குறுக்கு விசாரணை செய்ய, உன்னைப் போலத்தான், என்னிடம் துப்பாக்கி, உன்னிடம் பெட்டி என்று ஓமர் திருப்பியடிக்கிறான். விசில் அடிக்க வேண்டிய இடம். குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை. தீர்ப்புக்குப் பின் அரசு வக்கீல் கேட்கிறார்: அவன் கொன்றதை நீ உண்மையிலேயே பார்த்தாயா? நிஜமாவே கேக்கறீங்களா என்கிறான் ஓமர். அதோடு காட்சி கைகழுவிக்கொள்கிறது. நாம் விசில் அடித்தது பொய்ச் சாட்சிக்கு.

மூன்றாவது சீசனில் தெருப் பிள்ளைகள் ஓமர் விளையாட்டு விளையாடுகிறார்கள், இந்த முறை யார் ஓமர் என்று சண்டை. ஐந்தாவது சீசனில் பெட்டிக்கடை ஒன்றில் சிகரெட் வாங்கிக்கொண்டிருக்கும் ஓமரை ஒரு சிறுவன் பின்னாலிருந்து சுட்டுவிடுகிறான். பெரிய எதிரி மார்லோ அல்ல, ஒரு பொடிப் பயல். செய்தித்தாளில் அந்தச் சாவுக்கு இடம் கிடைக்கவில்லை. பிணவறையில் பெயர்ச் சீட்டு வேறு சடலத்துக்கு மாறிக் கிடக்கிறது, பணியாள் சரிசெய்கிறார். ஸ்லோ மோஷன் கேட்டுப் பழகிய கண்ணுக்கு இது அவமரியாதையாகத் தெரியும். ஓமருக்கு எழுத்தாளர்கள் செய்த மரியாதை இதுதான் என்பது எங்கள் கட்சி.

போலீஸ் மேஜர் கோல்வினைப் பற்றி வேகமாக. போதை விற்பனையை ஆளில்லாத மூன்று இடங்களுக்கு ஒதுக்கி, அங்கே கைது இல்லை என்று மேலிடத்துக்குத் தெரியாமல் உத்தரவு போடுகிறார். மற்றத் தெருக்களில் குற்றம் குறைகிறது, கிழவிகள் திண்ணைக்கு வருகிறார்கள். சரியான யோசனை என்று நாம் தலையாட்டும்போது, ராத்திரியில் அந்த ஒதுக்குப்புறத்தின் வழியே போதைக்கு அடிமையான பபிள்ஸ் நடந்துபோவதைக் காட்டுகிறார்கள். நரகம். அங்கேதான் அவன் நண்பன் ஜானியின் பிணமும் கிடக்கிறது. திட்டம் வெற்றியா தோல்வியா என்று தொடர் தீர்ப்புச் சொல்லவில்லை. கோல்வினுக்கு மட்டும் தீர்ப்பு உண்டு: பதவி இறக்கி, லெப்டினன்ட் ஓய்வூதியம்.

இனி நுணுக்கத்துக்கு வருவோம். ‘தி வயர்’ பின்னணி இசை வைக்கவில்லை. காரில் ரேடியோ ஓடினால் பாட்டு கேட்கும், மதுக்கடையில் பாட்டுப் பெட்டி ஓடினால் கேட்கும், இல்லையென்றால் இல்லை. சீசன் முடிவில் வரும் தொகுப்புக் காட்சிகள்தான் விலக்கு. ஃப்ளாஷ்பேக்கும் முதல் எபிசோடின் கடைசியில் வருவது ஒன்றுதான். கொலையுண்ட சாட்சியை ரசிகர்கள் அடையாளம் காண மாட்டார்களோ என்று சேனல் கேட்டதால் வைத்தது. இந்த இரண்டையும் விட்டது வெறும் ஸ்டைலுக்காக இல்லை. பின்னணி இசை என்பது யாரை நேசிப்பது, எப்போது பயப்படுவது என்று பார்ப்பவருக்குச் சொல்லும் கட்டளை. டேனியல்ஸ் பொய் சொல்லிக்கொடுக்கும் காட்சிக்குச் சோக இசை போட்டால் அவர் பாவம் ஆகிவிடுவார். திகில் இசை போட்டால் அயோக்கியன் ஆகிவிடுவார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்ததும் காட்சி செத்தது. ஃப்ளாஷ்பேக்கின் கெடுதலும் இதே ரகம். அது ‘ஏன்’ என்பதற்குப் பதில் சொல்லிவிடுகிறது. பதில் கிடைத்துவிட்டால் யோசனை நின்றுவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களுக்குக் கிடைப்பது 8 எபிசோடு, தலா 40 நிமிடம்; ஆக 320 நிமிடம். அதில் வில்லனின் பால்யத்துக்கு 25, நாயகனின் பழைய காயத்துக்கு 20, இரண்டு பாட்டுக்கு 8 என்று எடுத்துவிட்டால் ஒன்றேகால் எபிசோடுக்கு மேல் போச்சு. அந்த 53 நிமிடத்தில் ஒரு ஏட்டையும், ஒரு ஸ்டேஷன் ரைட்டரையும், ஒரு வக்கீல் குமாஸ்தாவையும் முழு மனிதர்களாக்கிவிடலாம். 60 எபிசோடு எங்களுக்கு யார் தருவார் என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் பிரெஸுக்கும் டேனியல்ஸுக்கும் நடந்த அந்தக் காட்சிக்கு 60 எபிசோடு தேவைப்படவில்லை.

இன்னொன்று, நடைமுறை. இந்தத் தொடரின் பெயரே ஒட்டுக்கேட்பதைக் குறிப்பது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, மற்ற வழிகள் பலிக்கவில்லை அல்லது பலிக்காது என்று நீதிபதியிடம் காட்டித்தான் ஒட்டுக்கேட்கும் அனுமதி வாங்க முடியும். வழக்குக்குச் சம்பந்தமில்லாத பேச்சைக் கேட்கவும் கூடாது. பொதுத் தொலைபேசி என்றால் கும்பல் ஆள்தான் பேசுகிறான் என்று கண்ணால் உறுதிசெய்ய ஒருவர் மொட்டைமாடியில் வெயிலில் உட்கார வேண்டும். இந்தச் சலிப்பூட்டும் விதிகள்தான் அங்கே ஒழுக்கச் சிக்கலைப் பிறப்பிக்கின்றன. விதி ஒவ்வொன்றும் ஒரு சபலம். மூன்றாவது சீசனில் கும்பல் பக்கமும் அப்படியே: மலிவுக் கைபேசிகளை வாங்கி எறிந்துவிட வேண்டும், ஒரு கடையில் இரண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று வாங்கப் போகும் ஆளுக்கு உத்தரவு. ஊர் ஊராக ஓட்டி அலுத்துப்போய் ஒரே கடையில் மொத்தமாக வாங்குகிறான். அந்த அலுப்பில் கும்பல் கவிழ்கிறது. அறிவாளி வில்லனை அதைவிட அறிவாளி போலீஸ் வெல்லும் கதை இல்லை, அலுத்துப்போன ஒருவன்.

இரண்டாவது சீசன் தொடங்கும் காரணம் இன்னும் அற்பம். துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர் சபாட்கா தேவாலயத்துக்கு ஒரு வண்ணக்கண்ணாடி ஜன்னல் வாங்கிக் கொடுத்துவிட்டார். அதே இடத்தில் போலீஸ் சார்பில் ஜன்னல் வைக்க நினைத்திருந்தார் மேஜர் வால்செக். இந்த வயிற்றெரிச்சலில் ஒரு விசாரணைக் குழு. சபாட்கா கடத்தலுக்குக் கண்மூடிச் சம்பாதிப்பதோ தனக்காக இல்லை. கால்வாயை ஆழப்படுத்தினால் கப்பல் வரும், கப்பல் வந்தால் பையன்களுக்கு வேலை கிடைக்கும் என்று அரசியல்வாதிகளுக்குக் கொட்டுகிறார். அவர் கண்மூடி விட்ட ஒரு கன்டெய்னரில் 13 பெண்கள் மூச்சுமுட்டிச் செத்துக்கிடக்கிறார்கள். தெரிந்த பின்னும் அவர் நிறுத்திவிடவில்லை.

நம் ஊர் நடைமுறையில் இதற்குச் சமமான சுரங்கம் இருக்கிறது, நீங்கள்தான் தோண்டவில்லை. போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. முன்பு சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆவது பிரிவு. ஆனால் அந்த வாக்குமூலத்தின் வழியாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்குச் செல்லும். ஆகவே அரிவாள் ‘கிடைத்தாக’ வேண்டும். கிடைத்ததைப் பார்த்த சாட்சி வேண்டும். தமிழ்நாட்டில் கண்டெடுத்ததை எழுதிவைக்கும் மகஜரில் கையெழுத்துப் போடும் ஆள் பல வழக்குகளில் கிராம நிர்வாக அலுவலர். குற்றவாளியே தேடிவந்து வி.ஏ.ஓ.விடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வரும் வழக்குகளும் உண்டு. வி.ஏ.ஓ. போலீஸ்காரர் இல்லையே, அதனால் அந்த வாக்குமூலத்துக்கு இந்தத் தடை இல்லை. யோசித்துப் பாருங்கள்: காலையில் வருமானச் சான்றுக்கு மனு வாங்கும் ஒருவர், மாலையில் தான் பார்க்காத அரிவாளுக்குக் கையெழுத்து. மறுத்தால் என்ன ஆகும், போட்டால் என்ன ஆகும், இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் ஏறும்போது என்ன சொல்வார்? கொன்றவன் உண்மையிலேயே அவன்தான் என்று அவருக்கும் தெரிந்திருந்தால்? இந்த ஆளை நடுவில் வைத்து 8 எபிசோடு எழுதலாம். ஒரு சைக்கோ கொலைகாரனும் தேவைப்பட மாட்டான்.

ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பும் ரைட்டர்; சந்தேக மரணமாகவே கோப்பைக் கிடத்திவைக்கும் எஸ்.ஐ.; போன் ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலாளர் உத்தரவு வேண்டும், அவசரத்துக்கு ஐ.ஜி. போட்ட உத்தரவு 7 வேலை நாளுக்குள் ஒப்புதல் வராவிட்டால் காலாவதி, அந்த 8ஆவது நாளில் காதில் விழும் ஒரு வாக்கியம். பால்டிமோரில் குற்ற எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டி மேஜர்கள் கர்னல் ஆகிறார்கள். அந்த வித்தை இங்கே தெரியாத ஒன்றா?

‘தி வயர்’ குறையில்லாத தொடர் என்று நாங்கள் சத்தியம் செய்யவில்லை. பெண்களை எழுதுவதில் கை இழுக்கிறது. பெண் துப்பறிவாளர் கீமாவைத் தவிர்த்தால் பலரும் யாருக்கோ மனைவி, தாய், வக்கீல். பிரதர் முசோன் என்ற கொலைகாரன் வேறு ஏதோ படத்திலிருந்து வழிதவறி வந்தவன் போலிருக்கிறான். ஐந்தாவது சீசனின் பொய்ச்செய்தி நிருபர் டெம்பிள்டன் தட்டை. எழுத்தாளர்களுக்கு அவன்மேல் இருந்த கோபம் தெரிகிறது, அவன் தெரியவில்லை. கோபம் வந்தால் இவர்களுக்கே சாம்பல் நிறம் கைநழுவியிருக்கிறது. உங்களுக்கும் அரசியல்வாதிப் பாத்திரம் எழுதும்போது இதுதான் நடக்கிறது.

ஆனால் அதே சீசனில் மெக்நல்ட்டி இருக்கிறான். மார்லோவின் கும்பல் கொன்று போட்ட 22 பிணங்கள் பாழடைந்த வீடுகளில் கிடைத்தும், காசில்லை என்று துறை விசாரணையை மூடிவிட்டது. அவன் கொதிக்கிறான். வீடில்லாத மனிதர்களின் பிணங்களைக் கழுத்து நெரித்தது போல மாற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி, இல்லாத ஒரு தொடர் கொலைகாரனை உருவாக்குகிறான். பணம் கொட்டுகிறது. எஃப்.பி.ஐ. நிபுணர்கள் கொலைகாரனின் குணச்சித்திரத்தைப் படித்துக்காட்ட, அது அப்படியே மெக்நல்ட்டியின் ஜாதகம். சிரிக்கிறோம். அந்த நாடகத்துக்கு அவனுக்கு ஒரு ‘காணாமல்போன ஆள்’ தேவை. தெருவில் இருந்த, தன்னைப் பற்றிச் சொல்லக்கூடத் தெரியாத லாரி என்ற ஒருவனைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய், வேறொரு மாநிலத்தில், ரிச்மண்டில் உள்ள ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு வந்துவிடுகிறான். மார்லோவைப் பிடிக்கக் கட்டிய வழக்கு இந்தப் பொய்களால் பலவீனமாகி, மார்லோ பேரம் பேசி வெளியே வந்துவிடுகிறான். உண்மை வெளியே வந்தால் மேயருக்கும் கேடு என்பதால் எல்லோரும் மூடிமறைக்கிறார்கள்.

கடைசி எபிசோடில் மெக்நல்ட்டி ரிச்மண்டுக்குக் காரை ஓட்டிப்போய் லாரியைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிவருகிறான். வழியில் நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தி நகரத்தைப் பார்க்கிறான். பக்கத்தில் லாரி எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறான். வீட்டுக்குப் போகலாம் என்கிறான் மெக்நல்ட்டி. தொடர் முடிந்தது. லாரிக்கு வீடு கிடையாது என்பதை யாரும் சொல்லவில்லை.

உங்கள் அடுத்த தொடரில் அந்தக் காரின் பக்கத்து இருக்கையில் யாரை உட்கார வைப்பீர்கள் என்று பார்க்கக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
முதல் நாளே உட்கார்ந்து கடைசி எபிசோடு வரை பார்த்துவிடும் பார்வையாளர்கள் சிலர்